கடித்த வயர், வெட்டிய வயர்

ஏழு வாரத்தில் எங்கள் கார் மூன்று முறை ஒர்க்‌ஷாப்புக்குப் போயிற்று. மூன்று முறையும் ஒரே காரணம் சொல்லப்பட்டது: எலி.

கார் சிறியது, வெள்ளை, பதினோரு வருடப் பழையது. வலியசாலையில் எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பதால் யாருக்கும் கார் ஷெட் கிடையாது. வாசலை ஒட்டித் தெருவோரத்தில் நிறுத்துவோம். மனைவி அதை ஓட்டிக்கொண்டு தினமும் நெடுமங்காட்டில் உள்ள தன் அலுவலகத்துக்குப் போகிறாள். நான் ஒரு பத்திரிகையின் செய்தி மேசையில் இருக்கிறேன். என் வேலை பிற்பகலில் தொடங்குவதால் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவது, காத்திருப்பது, பில்லைப் படிப்பது எல்லாம் என் பொறுப்பு. பில்லை நான் கவனமாகப் படிப்பேன். கூட்டல் தவறு, இரண்டு முறை எழுதிய சாமான், கடையில் முந்நூறுக்குக் கிடைப்பதற்கு நானூற்றைம்பது போட்டிருப்பது எதுவும் என் கண்ணுக்குத் தப்பியதில்லை.

ஒர்க்‌ஷாப் கிள்ளிப்பாலத்திலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் இருக்கிறது. தகரக் கூரை, மூன்று கார் நிற்க இடம், காத்திருப்பவர்களுக்கு ஒரு பழைய வேனின் பின் சீட். அதை நடத்துபவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். எல்லோரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். சாமானுக்குக் கடை பில்லை அப்படியே கொடுத்து, லேபரைத் தனியாக எழுதுவார். இரண்டையும் கலக்க மாட்டார். மற்ற ஒர்க்‌ஷாப்காரர்களைப் போல வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும் வழக்கம் அவரிடம் இல்லை. கழற்றிய பழைய சாமானை ஒரு காகிதக் கவரில் போட்டு, மேலே வண்டி நம்பரையும் கிலோமீட்டரையும் எழுதி டிக்கியில் வைத்துவிடுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"படம் யாருக்க வண்டியுதுன்னு யாரு கண்டா? சாதனம் சாருக்க கையில இருக்கட்டு" என்றார்.

முதல் முறை இன்ஜின் உதறியது. அந்த வாரம்தான் நான்கு டயரும் புதிதாக மாற்றியிருந்தோம். மனைவி காரை முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனாள். வயரிங் மொத்தத்தையும் மாற்ற வேண்டும், முப்பத்தெட்டாயிரம் ஆகும் என்று அங்கே அச்சடித்த தாளில் கொடுத்தார்கள். மறுநாள் நான் ஆசானிடம் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தார், இரண்டு விரலை உள்ளே விட்டார்.

"எலியாக்கும் சாரே. ஒத்த வயரு. இதுக்குப் போயி மொத்தமும் மாத்தண்டாம்."

வயருக்கும் லேபருக்கும் சேர்த்துத் தொள்ளாயிரத்தைம்பது. ஒரு புகையிலைப் பொட்டலத்தை இன்ஜின் ஓரத்தில் கட்டித் தொங்கவிட்டார். எலிக்கு அந்த வாசனை ஆகாது என்றார். அதற்குக் காசு வாங்கவில்லை.

வண்டி பழுது நீங்கி வந்தால் மறுநாள் காலை பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பது எங்கள் தெருவில் பலருக்கும் உள்ள வழக்கம். நாங்களும் உடைத்தோம். கணபதி ஹோமப் பிரசாதம் வாங்கினோம். அவலும் வெல்லமும் தேங்காயும் சேர்த்து இலையில் பொதிந்து தருவது. வீட்டுக்கு வந்ததும் மனைவி பொட்டலத்தைப் பிரித்து, வண்டிக்கு ஒரு துணுக்கு வைத்துவிட்டுத்தான் எனக்குத் தந்தாள். டயர் மாற்றிய மறுநாளும் இப்படித்தான் செய்திருந்தோம்.

மூன்று வாரம் கழித்து ஏசி நின்றது. மீண்டும் எலி. புளோயர் வயரும் காற்று வடிகட்டியும் போயிருந்தன. ஆயிரத்து நானூறு. மீண்டும் தேங்காய், மீண்டும் பிரசாதம்.

அதிலிருந்து நான்கு வாரத்தில் மூன்றாவது முறை. காலையில் கார் ஸ்டார்ட் ஆகவே இல்லை. ஆசான் ஒரு ஆளை அனுப்பிக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார். நான் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது பானெட் திறந்திருந்தது. வேன் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஏதோ ஒரு வங்கி ஊழியர். மற்றவர் தம்பானூரில் டிராவல்ஸ் நடத்தும் திருநெல்வேலிக்காரர். அவரிடம் நான்கு வேன்கள் உண்டு. நான்கையும் வருடம் முழுவதும் பராமரிக்கும் வேலையை ஆசானுக்குக் கொடுப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதை நம்பி ஆசான் பக்கத்து ஷெட்டை வாடகைக்குப் பேசி முன்பணமும் கொடுத்திருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். போன முறை காத்திருந்தபோது என் காதுபடத்தான் பேசினார்கள்.

நான் குனிந்து பார்த்தேன். ஒரு வயர் இரண்டு துண்டாக நின்றது. இரண்டு முனையும் நேராக, சுத்தமாக வெட்டப்பட்டிருந்தன. உள்ளே செம்பு பளபளத்தது.

"எலியா ஆசானே?"

"எலியாக்கும்."

"எலிக்குக் கட்டர் பிடிக்கத் தெரியுமா? இது பல்லால கடிச்சதில்லே. வெட்டினது."

"வெட்டினதுதான் சாரே. நான்தான் வெட்டினேன்..."

அவர் மேலே பேச வாயைத் திறந்தார். நான் விடவில்லை. ஏழு வாரம், மூன்று பில், மூன்றிலும் ஒரே எலி என்று தொடங்கி, தேதி வாரியாக, தொகை வாரியாகச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. எனக்கு அதற்குத் தேவையும் இருக்கவில்லை. கையில் வாக்குமூலம் இருந்தது. வங்கி ஊழியர் தன் போனைப் பார்க்க ஆரம்பித்தார். டிராவல்ஸ்காரர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"அப்போ நான் பொறவு வாரேன் ஆசானே."

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போங்க."

"இருக்கட்டும். வேலையப் பாருங்க."

டிராவல்ஸ்காரரின் வேன் பின்னோக்கி நகர்ந்து சந்தைவிட்டு வெளியேறும்வரை ஆசான் கையில் கட்டருடன் நின்றார். பிறகு என்னிடம் ஒரு சொல்லும் பேசாமல் வேலையை முடித்தார். நாற்பது நிமிடம் ஆயிற்று. பானெட்டை மூடினார். வழக்கம்போல ஒரு கவரை டிக்கியில் வைத்தார். சாவியைத் தந்தார்.

"ரூபா வேண்டாம். இனி வண்டிய இங்க கொண்டு வரண்டாம்."

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். ஒரு செய்தியைச் சரியாக முடித்து அச்சுக்கு அனுப்பிய திருப்தி எனக்கு இருந்தது. மறுநாள் காலை தேங்காய் உடைக்கப் போகவில்லை. போயிருந்தால் நான்காவது முறையும் வந்திருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்துச் சாலை மார்க்கெட்டில் அரிசி வாங்கினோம். மூட்டையை வைக்க மனைவி டிக்கியைத் திறந்தாள்.

"என்ன இது, மூணு கவர்? குப்பையையெல்லாம் எதுக்குக் கட்டிண்டு அலையறேள்?"

நான் அவற்றை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. பில்லைப் படித்தவன், சாமானைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு பழைய பத்திரிகையை விரித்து மூன்றையும் கொட்டினேன்.

முதல் கவரில் விரல் நீள வயர். மேல் உறை சின்னச் சின்ன இணைக் கோடுகளாகப் பிய்ந்திருந்தது. பல் பட்ட அடையாளம், சந்தேகமே இல்லை. இரண்டாவதில் வடிகட்டி. அதில் ஒரு கை நுழையும் ஓட்டை, ஓட்டையைச் சுற்றி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. மூன்றாவதில் இரண்டு வயர்த் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு முனை கடிபட்டுச் சிதைந்திருந்தது, மறு முனை நேராக வெட்டப்பட்டிருந்தது. சிதைந்த முனையில் சால்டர் ஈயம் பிடிக்காது. அதை வெட்டி எறிந்துவிட்டு நல்ல வயரில்தான் இணைப்புப் போட வேண்டும். நான் பானெட்டில் பார்த்தது வெட்டிய பிறகு மிஞ்சிய நல்ல வயரை. எலி கடித்த பகுதி அதற்குள் கவருக்குப் போய்விட்டிருந்தது.

அதே கவரில் ஒரு காய்ந்த வாழையிலைத் துண்டும், தார்போல இறுகிய வெல்லமும், அதில் ஒட்டிய அவலும் இருந்தன. கவரின் மேல் ஆசானின் கையெழுத்து: "எலி. வைப்பருக்கு கீழே அவல். வீட்டில் சொல்லணும்."

சாமானைக் கழற்றும்போதே கவரில் எழுதுவது அவர் வழக்கம். அதாவது நான் வந்து சேர்வதற்கு முன்பே இதை எழுதியிருக்கிறார். சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

மனைவி அவலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நான்தான் வெச்சேன். கண்ணாடிக்குக் கீழே அந்தச் சல்லடை மாதிரி இருக்கே, அங்கே. ஆனா எலிக்குன்னு வெக்கலே."

"உள்ளே விழுந்திருக்கு. ஒவ்வொரு தடவையும்."

"சரி, வெச்சது நான். திட்டு வாங்கினது அவர். போய்ச் சொல்லிட்டு வாங்கோ."

"ஃபோன்ல சொல்லிடறேனே."

"ஃபோன்லயா திட்டினேள்?"

மறுநாள் காலை மூன்று கவர்களையும் எடுத்துக்கொண்டு நடந்தே போனேன். வண்டியைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியிருந்தாரே. ஆசான் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது. நான் அந்தக் காலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது: தவறு என்னுடையது, கவரைத் திறக்காமல் பேசிவிட்டேன், நீங்கள் சொல்ல வந்ததை முழுதாகக் கேட்கவில்லை.

ஸ்பானர் இன்னும் இரண்டு நட்டை முறுக்கியது. பிறகு அவர் வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"எனக்க கிட்ட எதுக்கு சாரே சொல்லுதீங்க? நான் எதுக்கு வெட்டினேன்னு எனக்குத் தெரியாதா? அந்த அண்ணாச்சிட்ட சொல்லுங்க. அவரு ஃபோன் எடுக்க மாட்டேங்காரு. ஷெட்டுக்காரன் மிச்ச ரூபாயக் கேக்கான்."

"போறேன்."

"பிள்ளையாருக்க வண்டி சாருக்க வண்டியத் தின்னிருக்கு. நடுவுல கிடந்து நான் ஏச்சு கேக்கேன்" என்றார். சிரிக்கவில்லை.

அங்கிருந்து ஆட்டோ பிடித்துத் தம்பானூர் போனேன். டிராவல்ஸ் ஆபீஸ் ஒரு லாட்ஜின் கீழ்த்தளத்தில், ஒரு மேசை, இரண்டு நாற்காலி. டிராவல்ஸ்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க சார். வேன் வேணுமா?"

"வேண்டாம். அன்னைக்கு ஒர்க்‌ஷாப்பில நான் சொன்னது தப்பு. அதைச் சொல்ல வந்தேன்."

"நீங்க சொன்னத நான் கணக்குல எடுக்கல சார். பத்திரிகைக்காரங்க ஆயிரம் சொல்லுவீங்க. அவரே நான்தான் வெட்டினேன்னு சொன்னாருல்லா?"

"அவர் பாதி சொன்னார். மீதியைச் சொல்ல நான் விடலை."

வயர்த் துண்டுகளை மேசையில் வைத்தேன். அவர் போன் டார்ச்சைப் போட்டு ஒவ்வொரு முனையாகத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் பல் தடத்தைத் தடவினார். வேன் வைத்திருப்பவர், விளக்கம் தேவைப்படவில்லை. அவலையும் கவரின் மேல் எழுதியிருந்ததையும் காட்டியதும் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏன் சார், எலிக்கு விருந்து வச்சிட்டு மெக்கானிக்கப் புடிச்சிருக்கீங்களே!" பிறகு கேட்டார்: "அவருதான் அனுப்பினாரா?"

"உங்ககிட்ட சொல்லச் சொன்னது அவர். வராமலும் இருந்திருக்கலாம். வந்தது நான்."

அவர் வயர்த் துண்டுகளை என் பக்கம் தள்ளிவைத்தார்.

"நேத்தே ரெண்டு வண்டிய வேற எடத்துல பேசிட்டேன் சார். பேசினது பேசினதுதான், மாத்த முடியாது. மிச்சம் ரெண்டு இருக்கு, அத அவருக்கு அனுப்புதேன். கழட்டின சாமான் எங்கிட்ட நேரா வரணும்னு சொல்லுங்க. டிக்கியில போட்டா எவனும் பாக்க மாட்டான்."

கடைசி வரியை அவர் யாரையும் குறித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் சரியான வரி.

திரும்பவும் கிள்ளிப்பாலம் போனேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். நல்ல செய்தியைப் போனில் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அது பாதி நல்ல செய்தி.

"ரெண்டு" என்றேன்.

"நாலுல ரெண்டா?"

"ரெண்டு வேற எடத்துக்குப் போயாச்சாம். என்னாலதான்."

ஆசான் பக்கத்து ஷெட்டைப் பார்த்தார். உதட்டை அசைத்து ஏதோ கணக்குப் போட்டார்.

"ரெண்டுன்னா வாடகை கட்டும். லாபம் ஒண்ணும் இல்ல. அடுத்த வருஷம் பாப்போம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஷெட்டுல ரெண்டு வண்டிக்க எடம் காலியாக் கெடக்கும். சாருக்க வண்டிய வியாழக்கிழமை கொண்டாங்க. வைப்பர் தட்டக் கழட்டி உள்ள முழுக்கக் கழுவணும், இல்லன்னா அந்த எலி இன்னும் தேடி வரும். லேபர் எண்ணூறு."

"எழுநூறு."

"எண்ணூறு சாரே."

வியாழக்கிழமை எண்ணூறு கொடுத்தேன். மூன்றாவது முறை அவர் ரூபாய் வேண்டாமென்று விட்ட வேலைக்கும் ஒரு பில் எழுதித் தரச் சொன்னேன். ஆயிரத்து இருநூற்றைம்பது என்று எழுதித் தந்தார், ரூபாயை வாங்கிக்கொண்டார். கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது.