மாஸ்டர் பக்கத்துக் கதிரை

மறதி நோய் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தால், மறுத்துப் பேசாதே என்பதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள். வீட்டில் இப்படி ஒருவரை வைத்துச் சமாளிக்கும் உங்களுக்கு இது தெரியாததல்ல. செத்துப்போனவர் எங்கே என்று கேட்டால், கடைக்குப் போயிருக்கிறார் என்போம். கண்டிக்கு மேலே உள்ள எங்கள் இல்லத்தில் இடம் தேடி வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டி, கட்டணம் சொல்வது என் வேலை.

காலியான இடம்

யாழ்ப்பாணத்துச் சதாசிவம் மாஸ்டர் பகலெல்லாம் விறாந்தையில் இருப்பார். பக்கத்துக் கதிரை அவர் மனைவிக்கு. அந்த அம்மா காலமாகிப் பல வருடங்கள். ஆனாலும் நாங்கள் அதற்கும் தேநீர் வைப்போம்.

சேர்ந்த புதிதில் தெரியாமல் அதில் உட்கார்ந்துவிட்டேன். மாஸ்டர் கோபிக்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, எழும்புங்கோ. மனுசியின்ரை மடியிலையெல்லோ இருக்கிறியள்."

வத்தேகமக் கடைக்காரர்

அம்மாவுக்கு இடம் கேட்டு வந்த குமாருக்கு வத்தேகமவில் ஹார்ட்வெயார் கடை. அம்மா பார்வதி ஓரிடத்தில் உட்காரமாட்டார், யாரோடும் பேசமாட்டார், கதவு திறந்திருந்தால் ரோட்டுக்குப் போய்விடுவார். இரண்டு இல்லங்களில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். இங்கேயும் சரிவராவிட்டால் கடையை மூடிவிட்டு அம்மாவுக்குக் காவல் இருப்பதைத் தவிர வழியில்லை.

கட்டணத்தைச் சொன்னேன். பாவமாக இருந்தது.

"வேனை வித்தாவது கட்டிடுவேன் மிஸ். ஆனா, தனியா இருந்தா அம்மா பயந்துடுவாங்களே?"

அக்கா

பார்வதி அம்மாவையும் அழைத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தோம். மாஸ்டரைக் குளிக்க அழைத்துப் போயிருந்தார்கள். எல்லாக் கதிரைகளும் காலி. பார்வதி அம்மா நேரே நடந்து, மாஸ்டர் மனைவியின் கதிரைக்கு முன்னால் நின்று சிரித்தார். பிறகு, யார் காலிலோ பட்டுவிடாமல் சேலையை ஒதுக்கிக்கொண்டு, மாஸ்டரின் கதிரையில் உட்கார்ந்தார். வெறும் கதிரையைப் பார்த்துத் தலையாட்டினார். ஏதோ பதில் சொன்னார்.

"நீ போயிட்டு வா தம்பி. இந்த அக்கா என்னைப் பாத்துக்குறாங்களாம்."

அந்த வெறும் கதிரைக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். குமார் கண் கலங்கி, என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் மறுக்கவில்லை. அவர் பணம் கட்ட ஆபீசுக்குள் போனதும் பார்வதி அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"பாவம், நான் அக்கான்னது ஒங்களன்னு தம்பி நெனச்சிடுச்சு. இந்த அக்கா யாழ்ப்பாணமாம். பேசுறது பாதி வெளங்கல."

இப்போதெல்லாம் இடம் பார்க்க வருகிறவர்கள், இங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டால், நான் கட்டணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறேன்.