பார்ட்ஸ் அக்கா ஓட்டிப் பார்த்த பொக்லைன்

பத்தொன்பது வருடங்களாக அவள் ஒரே கவுண்டருக்குப் பின்னால்தான் நிற்கிறாள். மண் அள்ளும் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கிற கடை. பின்னால் கூரை வரைக்கும் தட்டுகள், தட்டு நிறைய சீலும் பின்னும் புஷ்ஷும் ரோலரும். வண்டி ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் அவள் பார்ட்ஸ் அக்கா. உடைந்ததைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைப்பார்கள். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கிரீஸ் வைக்காமல் எத்தனை நாள் ஏமாற்றினார்கள் என்பது வரைக்கும் புட்டுப்புட்டு வைத்துவிடுவாள். "என் சட்டையில எந்தப் பட்டன் போச்சுன்னு தெரியாது, எவனோ ஓட்டுற வண்டியில எந்த நட்டு போச்சுன்னு மட்டும் தெரியும்" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவளுக்கு அதில் பெருமைதான். மறைக்கவும் மாட்டாள்.

அவளுடைய தம்பி பொக்லைன் ஆபரேட்டர். பன்னிரண்டு வருடமாக ஓட்டியதெல்லாம் அடுத்தவர் வண்டி. இப்போதுதான் அவன் பேருக்கே ஒரு கால்வாய் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை சொந்த வண்டியோடு வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு என்று ஒப்பந்தக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அவன் சேமிப்பு ஒரே ஒரு பழைய வண்டிக்குத்தான் காணும். அது தப்பாகப் போனால் மறுபடி முதலாளி வண்டியில் ஏற வேண்டியதுதான்.

சனிக்கிழமை காலை அக்காவும் தம்பியும் பழைய வண்டிகள் விற்கிற யார்டுக்குப் போனார்கள். முன்வரிசையிலேயே பளபளவென்று மஞ்சள் பெயிண்டில் ஒன்று நின்றது. தம்பி அதைப் பார்த்த பார்வையிலேயே பாதி வியாபாரம் முடிந்துவிட்டது.

"முழு ரீகண்டிஷன் தம்பி" என்றார் தரகர். "மீட்டர் நாலாயிரம் மணிதான். அண்டர்கேரேஜ் எழுபது பர்சன்ட்."

இந்த வியாபாரத்தில் யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. சரியான வார்த்தையைத் தூக்கிப் போட்டால் போதும், மிச்சப் பொய்யை வாங்க வந்தவனே மனசுக்குள் சொல்லிக்கொள்வான். பார்ட்ஸ் அக்கா சொல்லிக்கொள்கிற ரகம் இல்லை.

"ரீகண்டிஷன்னா எதைப் பிரிச்சீங்க? பம்ப்பா, மோட்டாரா?"

"அதெல்லாம் நல்லா இருக்கும்போது எதுக்கும்மா பிரிக்கணும்? ஆயில் மாத்தி, கழுவி, பெயிண்ட் அடிச்சு..."

"அப்போ பெயிண்ட் அடிச்சதுன்னே சொல்லுங்க."

வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பெடல் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. நாலாயிரம் மணி ஓடிய வண்டியில் ரப்பர் இப்படி வழுக்கையாகுமா என்று கேட்டாள். தரகர் தொண்டையைக் கனைத்தார். "மீட்டர் நாலாயிரம்னுதான் சொன்னேன். நடுவுல பழைய மீட்டர் ரிப்பேராகி, புதுசு போட்டாங்க. அதுக்கு முன்னால எவ்வளவு ஓடுச்சுன்னு எனக்கும் தெரியாது." அடியில் செயினைச் சுழற்றுகிற சக்கரத்தின் பல் கூர்ந்துபோயிருந்தது. அண்டர்கேரேஜில் அவர் சொன்ன எழுபது பர்சன்ட் மிச்சம் இல்லை, தேய்ந்தது.

தம்பிக்கு ஆசை விடவில்லை. "செயினைப் பிறகு மாத்திக்கலாம் அக்கா. ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்" என்று ஏறி உட்கார்ந்தான். தோண்டினான், சுற்றினான், யார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனான். நூல் பிடித்த மாதிரிப் போனது வண்டி. "பிரமாதம்!" என்று மேலிருந்தே கத்தினான். தரகர் காகிதத்தை நீட்டினார். 'உள்ளது உள்ளபடி' என்று ஒரு வரி இருந்தது. கேட்டைத் தாண்டிய பிறகு எது கழன்று விழுந்தாலும் உன் தலைவிதி என்பதுதான் அதன் அர்த்தம்.

"இருடா" என்றாள் அக்கா. அவள் வண்டியைப் பார்க்கவில்லை, கேபின் கண்ணாடி வழியாக அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வலது லீவரை ஏன் கொஞ்சம் பின்னாலயே பிடிச்சிருந்தே?"

"நானா? இல்லையே."

"இறங்கு. நான் ஓட்டுறேன்."

அவள் வாழ்நாளில் வண்டி ஓட்டியதில்லை. தம்பி சிரித்துக்கொண்டே, இரண்டு லீவரையும் ஒன்றாக முன்னால் தள்ளச் சொன்னான். தள்ளினாள். வண்டி நாலடி போனது, பிறகு இடப்பக்கமாக ஒடித்துக்கொண்டு நேரே ஆபீஸ் சுவரைப் பார்த்துக் கிளம்பியது. தரகர் டீ கிளாஸோடு ஓடினார். சுவருக்கு இரண்டு முழம் இருக்கையில் நிறுத்திவிட்டு இறங்கினாள்.

"இடது செயினை ஓட்டுற டிராவல் மோட்டார் வீக்" என்றாள், கவுண்டரில் சொல்கிற அதே குரலில்.

தம்பிக்குப் புரியவில்லை. "நான் ஓட்டும்போது நேராத்தானே போச்சு?"

"போகும்டா! உன் கையில குடுத்தா எந்த ஓட்டை வண்டியும் நேராத்தான் போகும். அது இடது பக்கம் இழுக்குது, நீ உனக்கே தெரியாம வலதைக் குறைச்சுச் சமாளிக்கிறே. உன் முதலாளி வண்டியும் அப்படித்தானே இழுக்கும்? ஊர்லயே உன்னை மாதிரி ஆபரேட்டர் கிடையாது. அதனாலதான் உன்னை நம்பி வண்டி வாங்கக் கூடாது."

திட்டினாளா பாராட்டினாளா என்று அவளுக்கே தெரியவில்லை. நெஞ்சு நிறையப் பெருமை இருந்தது, குரல் மட்டும் கோபமாக வந்தது. பன்னிரண்டு வருடத்தில் எந்த முதலாளியும் அவனிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பின்வரிசையில் சாயம் போய், கதவு நசுங்கி ஒன்று நின்றது. "அது பதினோராயிரம் மணிம்மா, பழைய ஓனர் பம்ப்பும் டிராவல் மோட்டாரும் ரீபில்ட் பண்ணியிருக்கார். ஆனா பாக்க நல்லா இருக்காது" என்றார் தரகர் சுரத்தில்லாமல். பில்லைக் கேட்டாள். கழற்றி மாற்றிய ஒவ்வொன்றும் நம்பரோடு இருந்தது. அந்த நம்பர்கள் அவளுக்கு மனப்பாடம், ஒன்றுகூடத் தப்பில்லை. இன்ஜின் மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது, முன்கூட்டியே சூடாக்கி வைக்கவில்லை. சாவியைத் திருப்பியதும் இருமாமல் கிளம்பியது. லீவர் இரண்டையும் தள்ளினாள். ஓட்டத் தெரியாத அவள் கையிலும் கேட் வரைக்கும் நேராகப் போனது.

பிறகு தம்பி ஏறினான். பத்தடி போவதற்குள் வண்டி வலப்பக்கம் திரும்பிவிட்டது. நிறுத்தினான். திரும்பவும் கிளப்பினான், திரும்பவும் வலப்பக்கம். ஒன்றும் புரியாமல் குனிந்து தன் வலது கையைப் பார்த்தான். அந்தக் கை, வண்டியில் இல்லாத குறையைச் சரிசெய்துகொண்டிருந்தது.

"சமாளிச்சது போதும்டா ராசா, இது ஒழுங்கான வண்டி!" என்று கீழேயிருந்து கத்தினாள் அக்கா.

அவன் இரண்டு லீவரையும் சமமாகத் தள்ளினான். வண்டி நேராகப் போனது. கோடி வரைக்கும் போய், திரும்பி, மறுபடியும் நேராக வந்தது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான், கன்னம் நனைந்திருந்தது.

"ஆபரேட்டர் இவர்தான், சரி. ஓனர்னு யார் பேர் எழுதணும்?" என்றார் தரகர்.

"ரெண்டும் அவன்தான்" என்றாள் பார்ட்ஸ் அக்கா.