வெற்று வட்டில் ஏழு பெயர்கள்

பிற்பகல் மூன்று மணி பதினாறு நிமிடம். மடிக்கணினியின் மூலையில் அந்த நேரத்தைக் கண்ணால் கண்டதால்தான் இவ்வளவு திருத்தமாகச் சொல்கிறேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரியுங்கள். சண்டிலிப்பாயில் இருந்துகொண்டு இருபத்தாறு வருடமாகக் கணிதமும் பிறகு கணினியும் படிப்பிக்கிறவள் நான். எங்களுடையது மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த குடும்பம், பேய் பிசாசு என்று யாராவது தொடங்கினால் தேத்தண்ணீர் போட எழுந்து போய்விடுவேன். இன்றும் பேயை நம்பவில்லை. கண்டதைத்தான் சொல்கிறேன்.

படகு கவிழ்ந்த கதை என்று எதிர்பார்க்காதீர்கள். போன படகு மறுநாள் பத்திரமாகத் திரும்பி வந்தது.

அன்று சனிக்கிழமை. என் மகள் ஷாமினி, இருபத்திரண்டு வயது, கடற்கரையோரக் குருநகரில் அவளுடைய சிநேகிதி ஜெயராணி வீட்டுக்குப் போயிருந்தாள். அவர்களின் படகில் தீவுக் கோயில் பெருநாளுக்குப் போய் இரவு தங்கி வருவதாகத் திட்டம். அவளுக்கு நீந்தத் தெரியாது, காற்றும் சரியில்லை, போகவேண்டாம் என்று காலையில் சண்டை பிடித்தேன். அவள் செருப்பைக் கொழுவிக்கொண்டே, "கடலிலை நிண்டாலும் கரையிலை நிண்டாலும் உங்களுக்குப் பயம்தானே அம்மா. நான் போறன்" என்றுவிட்டுப் போனாள். மூன்றரைக்குப் படகு.

மனதை அடக்கத்தான் கணினியின் முன் உட்கார்ந்தேன். எண்பதுகளின் சிறு கணினிகளில் ஓடிய பழைய இயங்குதளம் ஒன்றை, இந்தக் காலத்துக் கணினிக்குள்ளேயே ஓடவைக்கும் மென்பொருள் இருக்கிறது. திங்கட்கிழமை பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்தேன். அதில் படம் இல்லை, மவுஸ் இல்லை, இணையமும் இல்லை, நேரம் தேதிகூட அதற்குத் தெரியாது. கறுப்புத் திரையில் A> என்று காத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். B என்று இரண்டாவது வட்டு ஒன்றை நானே வெறுமையாக உருவாக்கினேன். வட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கும் கட்டளை DIR. அடித்தேன். NO FILE என்றது. சரி.

பாடக்குறிப்பில் அதை எழுதிவிட்டு, பழக்கத்தில் இன்னொருமுறை DIR அடித்தேன். அப்போதுதான் மூன்று பதினாறு. ஏழு கோப்புகள் இருந்தன. ஏழும் ஆட்களின் பெயர்கள். மூன்றாவது JEYARANI. கடைசி SHAMINI. மற்ற ஐந்தும் எனக்குத் தெரியாத பெயர்கள், அதில் ஒன்று எட்டு எழுத்துக்கு மேல் இடமில்லாமல் ANTONETT என்று அறுந்து நின்றது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன், உள்ளே ஒன்றுமில்லை.

படம் எடுத்திருக்கலாமே அக்கா என்று தம்பி இன்றைக்கும் கேட்கிறான். பிள்ளையின் பெயரை அங்கே கண்டவளுக்குப் படம் எடுக்கவா தோன்றும். நான் போன் எடுத்தேன். மணி அடித்தது, அவள் எடுக்கவில்லை. மூன்று தரம்.

பிறகு நான் செய்ததைக் கேளுங்கள். எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். அந்தப் பழைய இயங்குதளம் அப்படிக் கேட்டால் ஒருதரம் திருப்பிக் கேட்கும்: ALL (Y/N)? எல்லாமா? என் கை நின்றுவிட்டது. ஊரார் பிள்ளைகளைத் தொட எனக்கு என்ன உரிமை என்று N அடித்தேன். உரிமை என்று சொல்வது இப்போது. அந்த நேரத்தில் என் பிள்ளை மட்டும் போதும் என்றுதான் நினைத்தேன், அதை மறைக்கமாட்டேன். ERA SHAMINI என்று அடித்தேன். ஒன்றை மட்டும் அழிக்கும்போது அது எதுவும் கேட்பதில்லை. திரும்பவும் DIR. ஆறு பெயர்கள். மணி மூன்று இருபத்தெட்டு.

களைப்பு என்கிறார் என் கணவர். கண்ணில் கோளாறு என்கிறான் தம்பி. அந்த வட்டு இன்னும் என் கணினியில் இருக்கிறது, ஆறு பெயர்களும் இருக்கின்றன, வந்து பாருங்கள் என்றால் ஒருவரும் வரமாட்டார்கள். அந்த ஐந்து பேரும் யார் என்று பிறகு விசாரித்து அறிந்தேன். மிஞ்சியிருக்கும் ஜெயராணியை வீதியில் கண்டால் இன்றும் என்னால் அவளுடைய முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

அன்று ஐந்து மணிக்குச் சற்று முன் வாசல் படலையில் ஓட்டோ வந்து நின்றது. ஷாமினி. உடுப்புப் பையைக் கதிரையில் எறிந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. நான் கட்டிப்பிடிக்கப் போக, கையைத் தட்டிவிட்டாள்.

"படகிலை போற ஆக்கள் எண்டு துறையிலை குடுக்கிற லிஸ்ற்றிலை என்ரை பேரை என்ரை கையாலை எழுதினனான் அம்மா, கடைசியா. வெளிக்கிடேக்கை வாசிச்சா ஆறு பேர்தான் இருக்கு. வெட்டின கோடும் இல்லை, அழிச்ச அடையாளமும் இல்லை, நான் எழுதின இடம் வெறுமையாக் கிடக்கு. எல்லாற்றை முன்னாலையும் என்னை இறக்கிவிட்டவை. சொல்லுங்கோ, ஆரைப் பிடிச்சு இதைச் செய்தனீங்கள்?"