மாப்பிள்ளைக்கு வெட்டிய அட்டை

எங்கள் கட்டிங் மாஸ்டருக்கு ஒரு கெட்ட பழக்கம். ஆளைப் பார்க்க மாட்டார், சட்டையைத்தான் பார்ப்பார். வெளிநாட்டில் இறங்கிய முதல் நாளும் அப்படித்தான். பாஸ்போர்ட் வரிசையில் மூன்று மணி நேரம் நின்று எனக்குக் கால் மரத்துவிட்டது. அவரோ முத்திரை குத்தும் அதிகாரியின் காலரைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார்.

"சும்மா இருங்க மாஸ்டர், திருப்பி அனுப்பிடப் போறான்" என்று கையைக் கிள்ளினேன்.

நான் இஸ்திரி போடுகிறவன். சீருடை தைக்கும் கம்பெனி ஒன்றுக்கு இருவரும் ஒரே விமானத்தில் வந்தோம். அவர் வந்தது தலைமை மாஸ்டர் வேலைக்கு. கூப்பிட்டவர் அவருடைய தங்கை புருஷன். கத்திரிக்கோலை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத அந்த மனிதர், மச்சான் கடையில் மூன்று மாதம் உட்கார்ந்து பார்த்துவிட்டு இங்கே வந்து கட்டிங் சூப்பர்வைசர் ஆகியிருந்தார். பெற்றவர்கள் போனபின் மாஸ்டர் தனி ஆளாக வளர்த்த தங்கை அவள். "நீ போனா அவருக்கும் ஒரு துணைண்ணா" என்று அவள் நச்சரித்ததில், இருபத்தாறு வருஷக் கடையை மூடி, மிஷின்களைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். திரும்பிப் போனால் உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. இதெல்லாம் விமானத்தில் அவரே சொன்னது. நான்கு மணி நேரமும் மாப்பிள்ளை புராணம்தான், எனக்குத் தூக்கம் போச்சு.

பாஸ்போர்ட் முடிந்தால் கைரேகை. அது முடிந்தால் ரத்தம் எடுக்க ஒரு வரிசை, நெஞ்சைப் படம் பிடிக்க இன்னொரு வரிசை. பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் மதியம் தாண்டி வேனில் ஏறினோம். நான் தலையைச் சாய்த்ததும் மாஸ்டர் தட்டி எழுப்பினார்.

"டிரைவர் சட்டையப் பாரு. இடது பக்கம் ஏறி நிக்குது. தோள்ல இழுக்குது."

"இழுத்துட்டுப் போகட்டும் மாஸ்டர். வேன் ஒழுங்கா போனா சரி."

"இல்லப்பா. இது இடது தோள் இறங்கின ஆளுக்கு வெட்டின சட்டை. இவனுக்கு ரெண்டு தோளும் சமமா இருக்கு. இதையெல்லாம் சரி பண்ணத்தான் மாப்ள நம்மளக் கூப்பிட்டிருக்காரு."

சந்தோஷமாகத்தான் சொன்னார். கம்பெனி வாசலில் காவலாளிக்கும் அதே சட்டை, அதே இழுப்பு. சாமான் இறக்க வந்த இருவருக்கும் அப்படியே. மாஸ்டர் ஒவ்வொரு இடது தோளாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

கட்டிங் கூடத்தில் நீளமான மேசை. அதற்கு மேலே கம்பியில் அட்டைகள் தொங்கின. துணிமேல் வைத்துக் கோடு போட்டு வெட்டுவதற்கான அளவு அட்டைகள். பொதுவாகச் சட்டையின் முன்பக்கத்துக்கு ஒரே அட்டை போதும், திருப்பிப் போட்டால் மறுபக்கம் ஆகிவிடும். இங்கே இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று இரண்டு இருந்தன. ஓரத்தில் நீலப் பென்சிலில் எண்கள். மாஸ்டரின் கையெழுத்து எனக்குத் தெரியும், காலையில் எனக்கும் அவர்தான் படிவம் நிரப்பிக் கொடுத்தார்.

அந்த அட்டையின் கதையை அங்கேயே என் காதில் சொன்னார். மாப்பிள்ளைக்கு இடது தோள் முக்கால் இஞ்ச் இறக்கம். அது மாப்பிள்ளைக்கே தெரியாது. கல்யாண மேடையில் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று இரவும் பகலும் உட்கார்ந்து அவருக்கென்று தனியாக வெட்டியது. தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு வருஷம் முன்பு, மாப்பிள்ளை லீவில் வந்துவிட்டுப் போன வாரத்தில், அது பூட்டிய பெட்டியிலிருந்து காணாமல் போனது.

"நாலு நாள் தேடினேன்பா. தங்கச்சியும் கட்டிலுக்கடியில எல்லாம் ஊர்ந்து ஊர்ந்து தேடினா."

மாப்பிள்ளை வந்தார். பின்னாலேயே முதலாளி. நம் மொழி அவருக்கு அரைகுறையாக வரும்.

"இவர்தான் சார் அட்டை போட்டவர்" என்று மாப்பிள்ளை மாஸ்டரைச் சுட்டிக் காட்டினார். "வாங்கினவங்க சட்டையெல்லாம் திருப்பி அனுப்பினதுக்குத் தப்பு இவரோடது. அதான் கையோட வரவழைச்சுட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புகார் வராதவரை அது யாருடைய அட்டையாக இருந்ததாம்?

முதலாளி முகம் திருப்பிய நேரம் பார்த்து மாப்பிள்ளை குழைந்தார். "கோச்சுக்காதீங்க மச்சான். என் பேரு கெட்டுப் போயிடும். இப்போதைக்கு உங்களை ஹெல்பர்னு போட்டிருக்கு, பின்னாடி பாத்துக்கலாம்."

"பெட்டிய எப்படித் திறந்தீங்க மாப்ள?"

"நான் திருடலை. உங்க தங்கச்சிதான் எடுத்துக் குடுத்தா. எல்லா அட்டையிலயும் இதுல வெட்டின சட்டைதான் எனக்கு எடுப்பா இருக்கும், முன்பக்கத்துக்கே ரெண்டு அட்டை வேற இருக்கு, ஏதோ விசேஷமானதுன்னு நினைச்சுக் கேட்டேன்."

மாஸ்டர், திருப்பி அனுப்பப்பட்ட சட்டைக் குவியலிலிருந்து ஒன்றை உருவினார்.

"போடுங்க மாப்ள."

மாப்பிள்ளை சிரித்து மழுப்பினார். முதலாளி "போடு" என்றதும் போட்டார். எங்கும் ஒரு சுருக்கம் இல்லை. மற்ற எல்லோருக்கும் இழுத்த சட்டை அவர் உடம்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. மாஸ்டர் டேப்பை எடுத்துக் கழுத்திலிருந்து இரண்டு தோளுக்கும் இறக்கம் அளந்து காட்டினார்.

"அட்டையில தப்பு இல்லைங்க. இது ஒரே ஒருத்தருக்கு வெட்டினது."

தையல்காரர்கள் எல்லோரும் மிஷினை நிறுத்திவிட்டு அந்தத் தோளைத்தான் பார்த்தார்கள். மாப்பிள்ளை தன் வலது கையால் இடது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், அன்றைக்குத்தான் முதல் தடவையாக. நாளையிலிருந்து மேசை இவருக்கு என்று மாஸ்டரைக் காட்டிச் சொல்லிவிட்டு முதலாளி போனார். எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது. மாஸ்டர் முகத்தைப் பார்த்துக் கையை மடக்கிக்கொண்டேன்.

தங்கும் அறையில் ஆறு கட்டில்கள். காலணியைக்கூடக் கழற்றாமல் அவர் உட்கார்ந்திருந்தார்.

"பதினோரு வருஷமா மறைச்சு வச்சேன். நானே போட்டு உடைச்சிட்டேன்" என்றார். பிறகு, "அவளும்தான் கூடச் சேர்ந்து தேடினா" என்றார்.

அவர் போன் அடித்தது. தங்கைதான். சத்தமாகப் பேசுகிறவள், எனக்கே கேட்டது.

"அண்ணா, போய்ச் சேந்துட்டியா? சாப்ட்டியா? அவரு வந்து பாத்தாரா?"

"பாத்தாரும்மா. அந்த அட்டை கிடைச்சிருச்சு."

எந்த அட்டை என்று அவள் கேட்கவில்லை.