பின்னால் உட்காருவது யார்

அந்தக் கடையில் பணத்தை நீட்டினால் மட்டும் டயர் கிடைத்துவிடாது. மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எந்த ரோட்டில் ஓட்டுகிறீர்கள், மழையிலும் வண்டியை எடுப்பீர்களா, பின்னால் உட்காருவது யார். முதல் கேள்விக்கே பாதிப் பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எதிர்க்கடைக்கு நடையைக் கட்டுவார்கள். போகிறவர்களைச் சும்மா விடுகிற ஆளா கடைக்காரி? வாசல்படி வரை வந்து, "போங்க, போங்க. அங்க கேள்வி கேக்காமக் குடுப்பாங்க. அப்புறம் டாக்டர் கேப்பாரு, அவருக்குப் பதில் சொல்லுங்க" என்று வழியனுப்பி வைப்பாள்.

தெருவில் அவளுக்குக் கேள்விக்காரி என்றே பெயர் விழுந்துவிட்டது. வீட்டுக்காரர் பள்ளி பஸ் ஓட்டுகிறவர், சாது. "உன் கடையில டயர் வாங்குறதுக்குப் பேசாம வேலைக்கு இன்டர்வியூ போயிடலாம்" என்று சாப்பிட உட்காரும்போது சொல்லிப் பார்ப்பார். அவள் சிரிக்க மாட்டாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவருக்கு ஒரு முறைப்பு கிடைக்கும்.

கடை ஒரு ஷட்டர் அகலம்தான். இடது பக்க இரும்புச் சட்டத்தில் தார் ரோட்டு டயர்கள். வலது பக்கம் மண்ணுக்கும் சேற்றுக்குமான பட்டன் டயர்கள், கட்டை கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டிருக்கும். பந்தய ட்ராக்குக்கான டயர்களை மட்டும் பின்சுவரில் கூரையை ஒட்டி மாட்டியிருந்தாள். ஏணி போட்டால்தான் எட்டும். வேண்டுமென்றே செய்த காரியம். ஏணியை இழுத்து வருவதற்குள் கேட்டவனுக்குப் புத்தி வரட்டும் என்று.

பெரும்பாலும் வராது. போன மாதம் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸ்காரர் புது பைக்கோடு வந்து நின்றார். ட்ராக் டயர்தான் வேண்டுமாம், அதுதான் ரோட்டை நன்றாகப் பிடிக்குமாம்.

"ஆபீஸ் எவ்வளவு தூரம் சார்?"

"நாலு கிலோமீட்டர்."

"அந்த டயர் நல்லா சூடேறினாத்தான் பிடிக்கும். அதுக்கு உயிரைக் குடுத்து ஓட்டணும். நாலு கிலோமீட்டர்ல டயர் சூடாகாது, சிக்னல்ல நிக்கிற நீங்கதான் சூடாவீங்க. மழை வந்தா தண்ணியை ஒதுக்கித் தள்ள அதுல போதுமான கோடுகூடக் கிடையாது."

"என் ஃப்ரெண்ட் போட்டிருக்கானே."

"உங்க ஃப்ரெண்ட் பின்னாடி யாரை உக்கார வைக்கிறாரு?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவளுக்கு அதற்கு முன்பே வந்திருந்தது. கால் மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் தார் ரோட்டு டயரைத்தான் போட்டுக்கொண்டு போனார். நன்றி சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

இது பிறவிக் கோபம் என்று தெருவில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கிடையாது. இருபத்தாறு வயதில் ஊருக்கு வெளியே இருந்த பந்தய ட்ராக்கில் டயர் மாற்றும் வேலைக்குச் சேர்ந்தபோது அவள் கலகலப்பான ஆள். ஒன்பது வருஷம் அங்கே இருந்துவிட்டுத்தான் இந்தக் கடையைப் போட்டாள். கழற்றிப் போட்ட டயரைத் தடவிப் பார்த்தே ஓட்டியவனின் ஜாதகத்தைச் சொல்லக் கற்றது அங்கேதான். ஓரம் பிய்ந்திருந்தால் வளைவில் சாய்த்து ஓட்டியவன். வெட்டும் கீறலும் இருந்தால் கல்லிலும் மண்ணிலும் அலைந்தவன். நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகி, ஓரத்தில் புது டயரின் ரப்பர் முடிகூட உதிராமல் இருந்தால், வீட்டுக்கும் ஆபீசுக்கும் நேர் ரோட்டில் போய் வந்தவன். ஓட்டுகிறவன் ஆயிரம் அளப்பான், டயருக்கு அளக்கத் தெரியாது என்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு டயரைப் படிக்காமல் விட்டாள். அது அவளுடைய அண்ணன் வண்டியின் டயர்.

அண்ணனுக்குத் தண்ணீர்க் குழாய்ப் பாதைகளைச் சுற்றிப் பார்க்கிற வேலை. கால்வாய்க் கரையிலும் மேட்டிலும் பள்ளத்திலும் பைக்கில் அலைவான். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் அண்ணியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கடைக்கு வந்தான். இரண்டு சக்கரத்துக்கும் பட்டன் டயர் போடச் சொன்னான்.

"மண்ணுலதான் ஓடுதா?" என்று அவள் பேச்சுக்குக் கேட்டாள்.

"பின்ன? தினமும் கால்வாய்க் கரையிலதானே கிடக்கேன். உனக்குத் தெரியாததா?"

கூடப்பிறந்தவனிடம் என்ன விசாரணை? பழைய டயரைக் கழற்றிப் பின்பக்கம் உருட்டிவிட்டாள். அண்ணியோடு பேசிக்கொண்டே புதியதை மாட்டினாள். சுற்ற வேண்டிய திசைக்கான அம்புக்குறி, சக்கரத்தின் ஓட்டம், காற்று, எல்லாம் சரியாக இருந்தது.

எட்டாம் நாள் மழை. பட்டன் டயர் தரையைத் தொடுவது அந்தக் கட்டைகளின் தலையால் மட்டும்தான். மண்ணில் புதைந்து பிடிக்கும், நனைந்த பெயின்ட்டில் எதைப் பிடிக்கும்? சிக்னலில் பாதசாரிகளுக்குப் போட்ட வெள்ளைக் கோட்டின் மேல் அண்ணன் பிரேக் பிடித்தான். வண்டி பக்கவாட்டில் படுத்துவிட்டது. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அண்ணிக்கு வலது கணுக்கால் மூன்று இடத்தில் ஒடிந்தது. இரண்டு ஆபரேஷன், உள்ளே ஒரு தகடு.

ஆஸ்பத்திரி வார்டு வாசலில் சொந்தபந்தம் அத்தனையும் கூடி நிற்க, அண்ணன் அவளைக் கை காட்டினான். "இவ மாட்டின டயர்தான் வழுக்கிடுச்சு. ஒழுங்கா மாட்டல போல." பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று முன்பே முணுமுணுத்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் தன் கையைத்தான் பார்த்தாள். மாட்டியது அவள் கைதானே. அதன்பின் அண்ணி கடைப்பக்கம் தலைகாட்டவில்லை, போனிலும் ஒரு வார்த்தை இல்லை.

இரண்டு மாதம் கழித்து அண்ணனோடு வேலை பார்க்கிறவர் பஞ்சர் ஒட்ட வந்தார். பேச்சோடு பேச்சாக, "உங்க அண்ணனுக்கென்னம்மா, ஒரு வருஷமா ஃபேனுக்கடியில கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்காரு" என்றார். அவள் கையிலிருந்த லீவரைக் கீழே போட்டுவிட்டுப் பின்பக்கம் போனாள். பழைய டயர் குவியலைப் புரட்டி அண்ணனுடையதை வெளியே இழுத்தாள். நடுப்பகுதி பலகை மாதிரித் தட்டை. ஓரத்தில் ரப்பர் முடி அப்படியே நின்றது. ஒரு கல் கீறல் இல்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வண்டி பார்க்கக் கம்பீரமாகத் தெரிய வேண்டும், உண்மையைச் சொன்னால் தங்கை பட்டன் டயர் தரமாட்டாள் என்பதற்காக அண்ணன் புளுகியிருக்கிறான். அந்தப் புளுகு அவள் கையால் கழற்றிய டயரிலேயே எழுதியிருந்திருக்கிறது. ஊரான் வீட்டு டயரையெல்லாம் படித்தவள் அதை மட்டும் பார்க்காமல் உருட்டித் தள்ளியிருக்கிறாள்.

மறுநாள் காலை அந்த டயரைக் கம்ப்ரஸருக்கு மேலே ஆணி அடித்து மாட்டினாள். மூன்றாவது கேள்வி பிறந்தது அன்றைக்குத்தான். அண்ணனைத் தேடிப் போய்ச் சண்டை போடவில்லை. அவனாக வர வேண்டும், அண்ணியின் காதுபட அவன் வாயால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். மூன்று வருஷமாக அவன் வரவில்லை. அந்தக் கோபத்தைத்தான் வருகிற போகிறவர்கள் எல்லாரும் பங்கு போட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

போன வியாழக்கிழமை மதியம் ஒரு பழைய பைக் கடைமுன் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியது அண்ணி. இறங்கி வலது காலை லேசாக இழுத்து நடந்து வந்தாள்.

"நீங்களா ஓட்டுறீங்க?" என்று கேட்டாள் அவள். வாங்க என்றுகூடச் சொல்ல வரவில்லை.

"பத்து மாசமா. பின் டயர் மொட்டையாயிடுச்சு. எதிர்க்கடையில போய் நின்னேன். எதுவுமே கேக்காம ஒண்ணை எடுத்து நீட்டினாங்க. பயமாப் போச்சு, இங்க வந்துட்டேன்."

"எந்த ரோட்டுல ஓட்டுறீங்க?"

"முழுக்க தார் ரோடு. வேலைக்குப் போக, வர."

"மழையில?"

"மழைன்னு லீவு குடுப்பாங்களா?"

"பின்னாடி யாரு?"

அண்ணி கொஞ்சம் தயங்கினாள். "உங்க அண்ணன்தான். அதுக்கப்புறம் ஹேண்டிலைப் பிடிச்சாலே அவருக்குக் கை நடுங்குது. பைக்கை வித்துட்டாரு. நான்தான் ஆபீஸ்ல இறக்கி விட்டுட்டுப் போறேன்."

ஆபீஸ் என்ற வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், அவள் எட்டி ஆணியிலிருந்த டயரை எடுத்து அண்ணியின் முன்னால் போட்டாள். "இது யாரோடதுன்னு தெரியுதா? தொட்டுப் பாருங்க. கால்வாய்க் கரையில ஓடின டயரா இது?"

அண்ணி குனிந்து நடுப்பகுதியைத் தடவினாள். நிமிரவே இல்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள். "அவர் உங்கிட்ட அப்படிச் சொன்னப்ப நான் பக்கத்துலதானே நின்னேன். உன் முன்னாடி அவரை விட்டுக்குடுக்க வேணாம்னு வாயை மூடிக்கிட்டேன்."

"ஆஸ்பத்திரியில?"

"கட்டில்ல படுத்துக்கிட்டு அதையும் கேட்டுட்டுத்தான் இருந்தேன். மூடின வாயை எப்படித் திறக்கிறதுன்னு தெரியல. உன் மூஞ்சியில முழிக்க வெக்கமா இருந்துச்சு, அதான் வரல."

அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. மூன்று வருஷம். தெருவே அவளைச் சிடுமூஞ்சி என்று ஒதுக்கிய மூன்று வருஷம். அண்ணி அதற்குள் அடுத்ததைக் கேட்டுவிட்டாள்.

"இது உன் கையிலதானே இருந்துச்சு. நீ ஏன் பாக்கல?"

"அண்ணன்னு பாத்தேன். டயரைப் பாக்கல." அவள் டயரை எடுத்துச் சுவரில் சாய்த்தாள். "என் தப்புந்தான் அண்ணி."

அவள் இடது பக்கச் சட்டத்திலிருந்து ஒரு டயரை எடுத்து, அதன் பக்கவாட்டில் அச்சடித்திருந்த தயாரிப்புத் தேதியைப் படித்து, பழசென்று திரும்ப வைத்தாள். புதிதாக வந்ததில் ஒன்றை எடுத்தாள். அம்புக்குறியை இரண்டு தடவை சரிபார்த்து மாட்டினாள். சக்கரத்தை வண்டியில் பூட்டும்போது பின்பிரேக் மிதியைக் கவனித்தாள். பிரேக் வலது கால் பக்கம். ஒடிந்த கால்.

"அழுத்தினா வலிக்குதா?"

"வலிக்கும். பழகிடுச்சு."

அவள் ஸ்பானரை எடுத்து மிதியை விரற்கடை இறக்கி வைத்தாள், கணுக்காலை அதிகம் மடக்காமல் அழுத்துகிற மாதிரி. தன் கையாலேயே ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

"அண்ணன் எங்க?"

"மருந்துக் கடை ஓரமா நிக்கிறாரு. வரமாட்டேன்னுட்டாரு."

"கூப்பிடுங்க."

அண்ணன் வந்தான். முடி நரைத்து ஆளே பாதியாகியிருந்தான். "நல்லாயிருக்கியா?" என்றான். அவள் அந்தப் பழைய டயரை அவன் கையில் திணித்தாள்.

"தடவிப் பாத்துச் சொல்லு. எங்க ஓடின டயர்?"

அவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தார் ரோட்டுல."

"ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னியே. அதே மாதிரி சொல்லு."

"தார் ரோட்டுலதான் ஓடுச்சு. நான்தான் பொய் சொன்னேன். நீ சரியாத்தான் மாட்டின." எதிர்க்கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

இந்தச் சொல்லுக்காகத்தான் மூன்று வருஷம் காத்திருந்தாள். கேட்டால் வயிற்றெரிச்சல் அடங்கும் என்று நம்பியிருந்தாள். அடங்கவில்லை. அண்ணி வண்டியில் ஏறும்போது பாரத்தையெல்லாம் இடது காலில் போட்டுக்கொண்டு ஏறுவதைப் பார்த்ததும் கோபம் மறுபடி பொங்கியது. இந்தத் தடவை அதைத் தூக்கி எறிய ஆள் கிடைக்கவில்லை.

"புது டயர் வழவழன்னு இருக்கும் அண்ணி. முதல் நூறு கிலோமீட்டர் மெதுவாப் போங்க. வெள்ளைக் கோட்டு மேல பிரேக் பிடிக்காதீங்க."

அண்ணன் பழைய டயரை ஆணியில் மாட்டப் போனான்.

"அங்க எதுக்கு மாட்டுற? அது உன்னோடது, எடுத்துட்டுப் போ."

அவன் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

"ஆடாம உக்காரு. முன்னாடி உக்காந்திருக்கிறது யாருன்னு ஞாபகம் இருக்கட்டும்" என்றாள் அவள்.

வண்டி மெதுவாகக் கிளம்பியது. அவள் கையைக்கூடத் துடைக்காமல் நடுத்தெருவுக்கு வந்து நின்று பார்த்தாள். தெருமுனையில் சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணி பிரேக்கைக் காலால் அழுத்தினாளா, கையால் பிடித்தாளா என்று அங்கிருந்து தெரியவில்லை.