ஆறாம் வகுப்புக்குப் பின்னம் தெரியாமல் போன வருடம்

யுத்த காலம். கொழும்பில் ஜப்பான்காரனின் குண்டு விழுந்த வருடம். அப்போது நான் கொட்டாஞ்சேனையில் எட்டாம் வகுப்பு வரை இருந்த ஒரு சிறிய தமிழ்ப் பாடசாலையில் ஏழாம் வகுப்பு ஆசிரியை. தங்கையோடு வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்து இருந்தேன். காலையில் கோட்டைக்கு ரயில், அங்கிருந்து டிராம்.

எனக்கு வாய் பொல்லாதது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழையைக் கண்டால் முகத்துக்கு நேரே சொல்வேன். அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குண்டு விழுந்ததும் கொழும்பே காலியானது. யாழ்ப்பாணத்தார் ஊருக்கு ரயிலேறினார்கள். மற்றவர்கள் உறவினர் வீடுகளுக்குப் போனார்கள். சில நாட்களில் என் வகுப்பில் மூன்று பிள்ளைகள்தான் இருந்தார்கள். அந்த நாளில் பிள்ளைகளின் சராசரி வரவை வைத்துத்தான் ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவாகும். வருடக் கடைசியில் சராசரி குறைந்தால் ஓர் ஆளைக் குறைக்க வேண்டிவரும் என்று பள்ளியை நடத்திய மனேஜர் சொல்லிவிட்டார். யாரை என்று கேட்க வேண்டியதில்லை. பயிற்சிக் கல்லூரிக்குப் போகாதவள் நான் ஒருத்திதான். வேலை போனால் தங்கையின் படிப்பும் போகும். இருவரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

ஓகஸ்ட் விடுமுறைக்குப் பிறகு என் வகுப்பு மெல்ல நிரம்பத் தொடங்கியது. நான் நன்றாகப் படிப்பிப்பதால் பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

எனக்கு எரிச்சலூட்டியவர் ஆறாம் வகுப்பு மாஸ்டர். என்னைவிட இளையவர், கொழும்பு முஸ்லிம், எப்போதும் சிரித்த முகம். டிசம்பர் வரையான அந்தத் தவணை முழுவதும் அவர் நேரத்துக்கு வந்ததே இல்லை. முதல் பாடம் கணக்கு. அது முடிகிற நேரத்தில், வரவுப் பதிவை மூடுவதற்குச் சற்று முன்னால், வியர்வையோடு ஓடி வருவார். வழியில் கண்ட பிந்திய பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அவர் பின்னால் வருவார்கள். அதுவரை அவருடைய வகுப்பும் என் அறையின் பின்வரிசை வாங்குகளில் இருக்கும். தலைமை ஆசிரியரின் ஏற்பாடு அது. எனக்குக் கோபம். அந்தப் பிள்ளைகளுக்கு நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாய்ப்பாட்டை எழுதுங்கள் என்று விட்டுவிடுவேன். தினமும் அதே வாய்ப்பாடுதான்.

டிசம்பரில் பள்ளி மூடும் நாளன்று, பிள்ளைகளை அனுப்பிய பிறகு, எங்களுக்கு ஒரு கூட்டம் நடக்கும். அந்தப் பள்ளியின் வழக்கம் அது. ஒவ்வொரு வகுப்பாசிரியரும் எழுந்து, எது முடிந்தது, எது முடியவில்லை என்று சொல்லி, அடுத்த வருடம் அந்த வகுப்பை ஏற்கிறவரிடம் கையளிக்க வேண்டும். ஏற்கிறவர் கேள்வி கேட்கலாம். பிறகு தலைமை ஆசிரியர் பள்ளியின் சம்பவத் திரட்டுப் புத்தகத்திலிருந்து அந்த வருடம் நடந்தவற்றை வாசிப்பார். ஒவ்வொருவருக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்வார். தேநீரோடு முடியும்.

அன்று எனக்கு நல்ல வார்த்தை எதுவும் தேவைப்படவில்லை. என் வேலை இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிய வேண்டியிருந்தது. காலையிலிருந்து சாப்பிடவில்லை.

வேலை நிலைத்தால், ஆறாம் வகுப்பு அடுத்த வருடம் ஏழாம் வகுப்பாகி எனக்குத்தான் வர இருந்தது. மாஸ்டர் எழுந்தார். தமிழ் முடிந்தது, பூமிசாத்திரம் முடிந்தது என்றார். கடைசியாகத் தலையைச் சொறிந்துகொண்டு, "பின்னம் மட்டும் அரைவாசியில நிக்குது டீச்சர். கூட்டத் தெரியும், பெருக்கத் தெரியாது" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். "எப்பிடித் தெரியும்? ஒவ்வொரு நாளும் மணியடிச்சாப் பிறகு ஓடி வாறியள். கணக்குப் பாடம் முடிஞ்சாப் போலதான் உங்களுக்கு விடியுது. உங்கட பிள்ளையளையும் நான்தான் மேய்க்கோணும். உங்களுக்குச் சம்பளம் நித்திரை கொள்ளவோ?"

மாஸ்டர் மேசையைப் பார்த்துக்கொண்டு, "டீச்சர் சொல்றதுல பிழை ஒண்டும் இல்ல" என்றார். சிரிப்பு மட்டும் இல்லை. அதைக் கேட்டு எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. பிழையென்று தெரிந்தால் திருத்தியிருக்க வேண்டாமா, உங்களைப் போன்றவர்களுக்கு வேலை நிலைக்கும், உழைக்கிறவள் நான்தான் வெளியே போக வேண்டும் என்று இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவற்றை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

"பிள்ளை, இரும்" என்று என்னை உட்காரச் சொன்னார் தலைமை ஆசிரியர். சம்பவத் திரட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

மாஸ்டர் சட்டென்று நிமிர்ந்தார். "சேர், அத வாசிக்க வேணாம். லீவு விடுற நாள்ல என்னத்துக்கு?"

"உமக்குச் சொன்ன வாக்கை இண்டைக்கு மீறப் போறன். இருந்து கேளும்."

அவர் வாசித்தார். துறைமுகத்துக்கு அண்மையில் இராணுவ லொறிகள் ஓடுவதால் பிள்ளைகளைத் தனியாக அனுப்பத் தாய்மார் பயப்படுகிறார்கள். ஆறாம் வகுப்பு ஆசிரியர் தினமும் காலையில் வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளை அழைத்து வர அனுமதி கேட்டார், கொடுத்தேன். அடுத்த பக்கம்: இன்று முகத்துவாரத்திலிருந்து நால்வர் வந்தனர். அடுத்த பக்கம்: தெமட்டகொடையில் உறவினர் வீட்டிலிருந்த இரண்டு பெண் பிள்ளைகள் திரும்பினர். பேலியகொடையிலிருந்து ஆற்றைத் தாண்டி மூவர். ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிரே வகுப்பு எழுதப்பட்டிருந்தது. ஏழாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு.

அவர் அழைத்து வந்தவர்களில் பாதிக்கு மேல் என் பிள்ளைகள். வழியில் கண்ட பிந்திய பிள்ளைகள் என்று நான் நினைத்தவர்கள். எப்படி வந்தாய் என்று அவர்களில் ஒருவரிடமாவது நான் கேட்டதில்லை.

தலைமை ஆசிரியர் புத்தகத்தை மூடினார். "சராசரி குறையாம நிண்டுட்டுது. ஒருத்தரும் போகத் தேவையில்லை. பிள்ளை, உமக்கு இது தெரிஞ்சால் கூச்சப்படுவீர் எண்டுதான் இவர் சொல்ல வேண்டாமெண்டவர்."

உட்கார்ந்தேன். வேலை தப்பியதே என்ற நிம்மதி வரவில்லை. என் அறையின் பின்வரிசை வாங்குகள்தான் கண்ணில் நின்றன. பின்னத்தைப் பெருக்க நானே சொல்லிக் கொடுத்திருக்கலாம். தவணை முழுவதும், தினமும் ஒரு பாடம். கோபத்தில் வாய்ப்பாடு எழுத வைத்தேன்.

தையல் டீச்சர்தான் முதலில் பேசினாள். "என்னப்பா எல்லாரும் செத்த வீட்டில இருக்கிற மாதிரி? தேத்தண்ணி ஆறுது."

மாஸ்டர் ஒரு கோப்பையை என் முன்னால் வைத்தார். "பெரிசா எடுக்காதீங்க டீச்சர். நீங்க போனா ஏழாம் வகுப்பும் என்ட தலையிலதான் விழும். அந்தப் பயத்துலதான் ஓடினேன்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அந்தச் சொல் வரவில்லை. பழக்கமில்லை. "ஜனவரியில கிராண்ட்பாஸ் பக்கத்துப் பிள்ளையளை நான் கூட்டிக்கொண்டு வாறன். டிராம் அங்கதானே போகுது" என்றேன். அதையும் சண்டை பிடிப்பதுபோலத்தான் சொன்னேன்.

"டீச்சரக் கண்டா புள்ளைகள் கட்டிலுக்குக் கீழ பூந்துடுமே!" என்றார் மாஸ்டர்.

தையல் டீச்சர் தேநீரைச் சிந்திவிட்டாள். தலைமை ஆசிரியரும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் கொட்டியது. யாரும் பார்க்காததுபோல இருந்தார்கள். மாஸ்டர் பேச்சை மாற்றி, பேலியகொடைப் பாலத்தில் தன் சைக்கிள் ரயர் வெடித்த கதையைச் சொல்லத் தொடங்கினார்.

ஜனவரியில் முதல் ரயிலைப் பிடித்துப் போனேன். முதல் வீட்டுத் தாய் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மாஸ்டர் வரல்லையா?" என்று தெருவை எட்டிப் பார்த்தாள். என் பேச்சை நம்பாமல், பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு விசாரித்தாள். பிறகுதான் மகளின் கையை என் கையில் கொடுத்தாள். சிறிய கை, எண்ணெய்ப் பிசுக்கு. அத்தனை வருடம் படிப்பித்தும் ஒரு பிள்ளையின் கையை நான் பிடித்ததில்லை. பிரம்பைத்தான் பிடித்திருக்கிறேன். லொறி ஒன்று இரைந்துகொண்டு போனபோது அவள் என் சேலைக்குள் முகத்தைப் புதைத்தாள். லொறி போய் நெடுநேரம் வரை நான் அந்த இடத்திலேயே நின்றேன். அன்று நானும் வியர்வையோடு, மணியடித்த பிறகுதான் பள்ளிக்குள் போனேன். என் வகுப்பு, போன வருட ஆறாம் வகுப்பு, மாஸ்டரின் அறையில் இருந்தது. அவர் கரும்பலகையில் அவர்களுக்குப் பின்னப் பெருக்கல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகும் என் வாய் முழுதாக அடங்கவில்லை, இன்றும் பிழையைக் கண்டால் கோபம் வருகிறது. ஆனால் ஒருவர் ஒரு வேலையைச் செய்யாமல் விட்டார் என்று சொல்லுமுன், அந்த நேரத்தில் அவர் யாருக்காக எங்கே ஓடிக்கொண்டிருந்தார் என்று கேட்டுவிடுகிறேன். அந்த மனிதரிடம் அதை ஒரு நாளாவது கேட்காமல் போனேனே என்ற வருத்தம் மட்டும் இன்னும் என்னை விடவில்லை.