பூஜையில் இருந்த முதலுதவிப் பெட்டி

வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு ஊரைத் திருத்தும் ஆசை வருவது சகஜம். எனக்கும் வந்தது. இரண்டு நாள் முதலுதவிப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினேன். மூன்றாம் நாளே வாத்தியாராகிவிட்டேன். எங்கள் பேட்டையான மண்டி மொஹல்லாவில், சந்துமுனை ஆட்டோ ஸ்டாண்டில் ஞாயிறுதோறும் வகுப்பு. ஆம்புலன்ஸ் நுழைய முடியாத சந்து, நம்மை நாமே காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று முழங்குவேன்.

ஆட்டோக்காரர்களும் இரண்டு தையல்காரர்களும் வந்தார்கள். ராமாபுரத்திலிருந்து பிழைக்க வந்த பூக்காரம்மாவும் வந்தார். வந்து என்ன பயன்? தலை நிமிராமல் பூக் கட்டிக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அம்மா, வேலையை நிறுத்திட்டுக் கவனிங்க."

"கைக்குத்தானுங்க சார் வேலை. காது சும்மாதான இருக்குது."

வெட்டுக் காயத்தில் காப்பித்தூள் அப்பும் வழக்கத்தைத் திட்டுவதற்கே ஒரு வகுப்பு முழுக்கச் செலவழித்தேன். கடைசி நாள் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தேன், பூக்காரம்மாவைத் தவிர. ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா!

ஆயுத பூஜை வந்தது. ஆட்டோக்களுக்கு வாழைக்கன்று கட்டினார்கள். ஸ்டாண்டில் இருந்த முதலுதவிப் பெட்டிக்கும் குங்குமம் வைத்து, பூக்காரம்மாவின் மாலையைச் சுற்றினார்கள். பூஜை முடிந்ததும் ஆட்டோக்கள் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சவாரிக்குக் கிளம்பத் தொடங்கின. பெட்டியை மட்டும் எடுக்கவிடாமல் தடுத்தேன். உள்ளே முதலுதவிக் கையேடு இருந்தது. புத்தகம் என்றால் சரஸ்வதி. மறுநாள் மறுபூஜை வரை யாரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டேன். எங்கள் வீட்டு வழக்கம் அது.

சட்டம் போட்டுவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். பத்தடி தாண்டவில்லை, யாரோ உடைத்த பூசணிக்காயில் சக்கரம் வழுக்கியது. எழுந்து பார்த்தால் முன்கை கிழிந்து, ரத்தம் குபுகுபுவென்று வருகிறது. ஐயோ, செத்தோம் என்று நினைத்தேன். கற்பித்தது ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

"காப்பித்தூள்! யாராவது காப்பித்தூள் கொண்டாங்க!" என்று கத்தினேன்.

ஒரு ஆட்டோக்காரர் பெட்டியருகே ஓடியவர் அப்படியே நின்றுவிட்டார். "சார், பூஜைக்கு வெச்சதாச்சே... நீங்கதானே தொடக்கூடாதுன்னு..." சான்றிதழ் வாங்கிய மற்றவர்களும் என் முகத்தையே பார்த்தார்கள். ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தது.

பூக்காரம்மா கூடையை வைத்துவிட்டு வந்தார். தான் கட்டிய மாலையைத் தானே அறுத்தார். பெட்டியைத் திறந்து துணிக்கட்டை எடுத்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்தி, என் கையை உயர்த்திப் பிடித்தார். துணி நனைந்ததும் அதை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்றை வைத்தார். நான் துணியைத் தூக்கிப் பார்க்கப் போனேன். கையில் ஒரு தட்டு தட்டினார்.

"எடுத்து எடுத்துப் பாக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க? காப்பித்தூளாம் காப்பித்தூள்! பேசாம இருங்க சார்."

ஆட்டோவில் ஆஸ்பத்திரி சேரும்வரை அவர் அழுத்தத்தை விடவே இல்லை. எட்டுத் தையல்.

இரண்டு நாள் கழித்து அவருக்கான சான்றிதழை எடுத்துக்கொண்டு போனேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கை ஈரமுங்க. கூடை மேல வெச்சிட்டுப் போங்க சார்," என்றார். "ஞாயித்துக்கெழம நேரத்தோட வந்துருங்க. உங்களுக்கு இன்னொருக்காச் சொல்லித் தரோணும்."

கட்டுப் போட்ட கையோடு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். பூக் கட்டிக்கொண்டேதான் பாடம் நடத்தினார்.